படித்துறை வரைக்கும் கால் மரக்காமல்

ஆற்று நடுவில் என் வலது கால் காணாமல் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தது. பலகை மேலேயேதான் இருந்தது. ஆனால் அது என்னுடைய கால் என்கிற உணர்ச்சியே இல்லை. யாரோ ஒரு கட்டையை என் இடுப்புக்குக் கீழே செருகிவிட்ட மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் இடது காலும் அதற்குத் துணையாகப் போய்விட்டது.

"கண்ணு, காலு ரெண்டும் மரத்துப்போச்சு" என்றேன், பக்கத்துப் பலகையில் வந்த மகளிடம்.

"ஒக்காரும்மா. மெதுவா ஒக்காரு."

உட்கார்ந்தேன் என்று எழுதுவது மரியாதைக்கு. தொப்பென்று விழுந்தேன். பலகை ஆடி, முகத்தில் தண்ணீர் அடித்து, துடுப்பு ஒரு பக்கம் மிதந்து போனது. மகள் அதைப் பிடித்து வருவதற்குள் கால் இரண்டிலும் ஆயிரம் எறும்பு ஓடியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எனக்கு அறுபத்தேழு வயது. இந்த வயதில் யாராவது இப்படிச் சிரித்தால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

நான் கூச்சக்காரி. விசேஷ வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்புவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன் பிறகு பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வேலை, கல்யாணம், மறுபடியும் தறிப்பட்டறை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. என் குணத்துக்கு அது வசதியாகவே இருந்தது.

பிறகு எப்படி ஆற்றில் பலகை மேல் ஏறினேன் என்றால், மகளால்தான். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். இப்போது வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம். வரும்போது இரண்டு பெரிய பைகளைத் தூக்கி வந்தாள். பிரித்தால் ரப்பர் பாய் மாதிரி ஒரு சுருள். பம்ப் வைத்துக் காற்றடித்தால் கதவு மாதிரி விறைத்து நிற்கிறது. அதைத் தண்ணீரில் போட்டு, மேலே ஏறி நின்று, நீளமான ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடற்கரையில் கற்றுக்கொண்டாளாம். அடியில் இறக்கை வைத்த பலகை கூட உண்டாம். அது வேகம் எடுத்தால் தண்ணீரை விட்டே மேலே எழும்பிப் பறக்கும் என்று போனில் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்கு அதே நினைப்பு.

எங்கள் ஊர்ப்பக்கம் காவிரி, கீழே கதவணையை அடைத்துவிட்டால் ஏரி மாதிரி நின்றுவிடும். விடியற்காலையில் மகள் பலகை விடப் போவாள். அவளுடைய செருப்புக்கும் துண்டுக்கும் காவலாக நான் போவேன். என் வீட்டுக்காரரும் வருவார். அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பலகைக்குக் காற்றடிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அடித்து முடித்ததும் டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பலகையை நாலு இடத்தில் தட்டிப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பெங்களூரு வரைக்கும் போலாம்" என்பார்.

ஒருநாள் மகள், "அம்மா, சும்மா ஏறி ஒக்காரு" என்றாள். நான் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள். தண்ணீர் பயமில்லை. மனிதர்கள் பார்ப்பார்களே என்பதுதான் பயம். அன்றைக்கு நல்ல பனிமூட்டமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் முட்டி போட்டேன். அதற்கு அடுத்த வாரம் எழுந்து நின்றேன்.

நின்ற அந்த நேரத்தை எப்படி எழுதுவது! காலுக்குக் கீழே ஆறு முழுவதும் மூச்சு விடுகிறது. நான் துடுப்பை ஒரு இழுப்பு இழுத்தால் கரை நகர்கிறது. புளியமரம் நகர்கிறது. காகித ஆலைப் புகை கூட நகர்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழம்புக்கு உப்பே போடவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. எனக்கு இருக்கிற ஒரே ஆள் அக்கா. ஆற்றோரமாகவே மேற்கே போனால், மொபெட்டில் அரை மணி நேரம். அவள் வீட்டுப் பின்வாசலில் இருந்து ஆற்றுக்குப் படித்துறை இறங்கும். அவள் முழங்கால் தேய்ந்து எங்கேயும் போவதில்லை. போனில் சொன்னேன். நம்பவில்லை. மகள் எடுத்த போட்டோவை அனுப்பினேன்.

"இப்பல்லாம் போட்டோவுல யானைமேலகூட ஒக்கார வெக்கறாங்க" என்றாள்.

"நெசமாலுமேக்கா. நின்னுக்கிட்டுத்தான் போறேன்."

"அப்படீன்னா எங்க ஊட்டுப் படித்துறைக்கு நின்னுக்கிட்டு வா. கண்ணால பாத்தா நம்பறேன். ஒக்காந்துக்கிட்டு வாரதுன்னா அதுக்குப் பரிசலே போதும்."

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் தூரம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் அக்காதான் முதலில். கிணற்றில் மேல்படியிலிருந்து குதித்தது அவள். சைக்கிள் பழகியது அவள். நான் பின்னால் நின்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொள்கிற ஆள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் படியில் உட்கார்ந்து பார்க்க, நான் ஆற்றில் நின்று வர வேண்டும் என்று இருந்தது.

அதற்காகத் தூரம் கூட்டிப் பழகியபோதுதான் கால் காணாமல் போனது. கொஞ்ச தூரம் என்றால் ஒன்றுமில்லை. அக்கா ஊருக்குப் பாதி வழி வருவதற்குள் மரத்துவிடும். அப்புறம் உட்கார வேண்டியதுதான்.

முதல் வைத்தியம் நானே பார்த்தேன். கால் மரத்தால் விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். இரவு சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டேன். காலையிலும் இன்னொரு கை தேய்த்து, நன்றாக மினுமினு என்று ஆற்றுக்குப் போனேன். பலகையில் ஏறி எழுந்து நின்றேன். நின்றேனா என்பதுகூடச் சந்தேகம். வாழைத்தோல் மேல் கால் வைத்த மாதிரி வழுக்கி, அப்படியே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போய்விட்டேன். மேலே வந்து பார்த்தால், கரையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏ புள்ள, வடை போடறதுக்கு எண்ணெய் மிச்சம் வெச்சயா, இல்ல எல்லாத்தையும் ஆத்துல கொட்டீட்டயா?"

"சும்மா இருங்க. ஆள் பாக்கறாங்க" என்றேன். ஒரு பரிசல்காரர் வலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கெல்லாம் பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு மகள் என் பலகைக்கு எதிரே தன் பலகையை நிறுத்தி, துடுப்பைக் குறுக்கே வைத்து உட்கார்ந்து, என் காலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெடித்த குதிகால், கோணல் விரல்.

"அம்மா, வெரலப் பாரு."

பார்த்தேன். பத்து விரலும் பலகையை நண்டு மாதிரி கவ்விப் பிடித்திருந்தன. மழைக்காலத்தில் வரப்பில் நடக்கிறவர்களுக்கு விரலை ஊன்றிப் பழக்கம். எனக்கே தெரியாமல் ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.

"ஊணாத. ஊணுனா ரத்தம் ஓடாது. பாதத்தப் பரப்பி வையி. கால ரெண்டையும் ஒட்டி வெக்காத, இடுப்பகலத்துக்கு எடம் உடு. முட்டியச் சித்த மடக்கு. ஒரே எடத்துல கல்லு மாதிரி நிக்காத. துடுப்ப இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் மாத்தறப்பவெல்லாம் காலையும் கொஞ்சம் நகத்து. குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கு."

"ஆத்துல நின்னு குதிக்கச் சொல்றயா?"

"குதிக்கச் சொல்லல சாமி. உசுரோட நில்லுங்கறேன்."

இன்னொன்றும் செய்தாள். பலகைக்கும் ஆளுக்கும் ஒரு சுருள் கயிறு உண்டு. விழுந்தால் பலகை ஓடிப்போகாமல் இருக்க. அதைக் கணுக்காலில் கட்டியிருந்தோம். நான் பயத்தில் இறுக்கிக் கட்டுவேன். அதை அவிழ்த்து இடுப்புப் பட்டையில் மாட்டிவிட்டாள். ஆற்றில் செடி, வேர் எதிலாவது சிக்கினால் ஒரே இழுப்பில் விடுபடுகிற பட்டை. கணுக்காலுக்கு விடுதலை. பலகை மேல் மெத்தென்று ஒரு விரிப்பும் ஒட்டினாள்.

நல்ல வித்தியாசம் தெரிந்தது! தறிப்பட்டறையில் நாள் முழுக்க நின்றும் எனக்குக் கால் மரத்ததே இல்லை. நூல் அறுந்த தறிக்கும் அடுத்த தறிக்குமாக ஓடிக்கொண்டே இருப்போம். பலகையில்தான் நட்டு வைத்த கம்பமாக நின்றிருக்கிறேன். இப்போது இடது கால் கடைசி வரை என்னோடு வந்தது. வலது காலிலும் முக்கால்வாசி வந்தது. ஆனால் வலது காலின் இரண்டாவது விரலும் அதன் அக்கம்பக்கமும் மட்டும் பாதி வழியில் செத்துவிடும்.

மகள் கரையில் என் காலை மடியில் வைத்துப் பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. அதைத் தாண்டி விரல் நுனி நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"இதுதாம்மா. நின்னு நின்னு கால் வீங்குது. வீங்கறதுக்கு மெட்டி எடம் உடறதில்ல. கழட்டிரு."

எனக்குப் பகீர் என்றது. கல்யாணத்தன்று மாட்டியது. தேய்ந்தால் மாற்றியிருக்கிறேன். மாற்றுகிற நேரம்கூடக் காலைத் தரையில் வைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

"உங்கப்பா குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப கழட்டறதா? பேசாம இரு."

குத்துக்கல் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"என்ற உசுரு என்ன உன்ற கால் வெரல்லயா இருக்குது? ஆஸ்பத்திரில டாக்டரு என்ற நெஞ்சுலதான குழாய வெச்சுப் பாத்தாரு. உன்ற காலையா பாத்தாரு?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"ஆமாமா. உசுரு என்னுது, ஆனா எனக்கு ஒன்னும் தெரியாது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே மெட்டியோடு இன்னும் சில நாள் போனேன். பாதி வழி, விரல் சாகும், உட்காருவேன். அந்தச் சமயம் பார்த்து அக்கா போன் பண்ணினாள்.

"என்ன புள்ள, நெதமும் படியில வந்து ஒக்காந்து பாக்கறேன். ஆளக் காணோம். எங்க பரிசல்காரங்கிட்டச் சொல்லியுடட்டுமா?"

தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் படியில் வந்து உட்காருகிறாள்! கிண்டலுக்குச் சொன்னாலும், உட்காருவது நிஜம். போனை வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய்க் காலை நீட்டினேன். வாய் திறந்து கேட்கக் கூச்சம்.

அவர் புரிந்துகொண்டார். லாரிக்காரர் கைக்கு எல்லா வேலையும் வரும். பாலியஸ்டர் நூலை விரல் நுனியிலிருந்து மெட்டி வரைக்கும் இறுக்கமாகச் சுற்றினார். நூலின் முனையை மெட்டிக்கு அடியில் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். சோப்புத் தண்ணீர் விட்டார். பிறகு அந்த முனையைப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி நூல்மேல் ஏறி ஏறித் தானாக வெளியே வந்தது. உயிர் போகிற வலி. இடது காலிலும் அதே மாதிரி. விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம். காற்றுப் பட்டதும் ஜில் என்று இருந்தது.

இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சேலத்துக்குக் கிளம்பு" என்றார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சந்துக்குள் ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய் ஒரு கடையில் உட்கார்ந்தோம். வாய் சேராத மெட்டி வேண்டும், நினைத்தபோது கழற்றி நினைத்தபோது போட வேண்டும் என்று அவர் கேட்டார்.

"ஏனுங்கம்மா, எல்லாரும் கழண்டு உழாத மெட்டியாக் கேப்பாங்க. நீங்க கழலற மெட்டியாக் கேக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஆத்துல நிக்கோணுங்க" என்றேன், தலை நிமிராமல்.

"வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க."

கடைக்காரர் பயபக்தியோடு நல்லதாக ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சந்து முனை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். நானும்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கதவணைத் தண்ணீர் நிறைந்து, காற்றில்லாமல் இருந்தது. அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, மகளுடைய கால்சட்டை, மேலே ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை. கண்ணாடியில் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. குளிரிலும் கால் சீக்கிரம் மரக்கும் என்று மகள் ரப்பர் காலுறை கொடுத்தாள். விரலைப் பிடிக்காத, தளர்வான காலுறை. மெட்டி இரண்டும் அவர் சுண்டு விரலில் ஏறின. பிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டு மொபெட்டில் கரையோர ரோட்டில் வந்தார். ரோடு ஆற்றுக்குப் பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். லாரி ஹாரன் அடிக்கிற அதே ராகத்தில்.

பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே பஸ் போகிற சத்தம் தலைக்குள் உருண்டது. இரண்டு கரையிலும் தறிச் சத்தம். நீர்க்காகங்கள் பாறைமேல் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. துடுப்பை மாற்றினேன், காலை நகர்த்தினேன். குதிகாலைத் தூக்கினேன், இறக்கினேன். விரல்களை மேலே தூக்கி ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி ஆட்டினேன். இரண்டாவது விரல் பதில் சொன்னது! பாதி வழி தாண்டியபோது "கண்ணு, வெரலு இருக்குதுடி!" என்று கத்தியே விட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அப்புறம் ஆகாயத்தாமரை வந்தது. ஆற்றை அடைத்துக்கொண்டு பச்சைப் பாய் விரித்த மாதிரி. ஓரமாக ஒரு சந்து இருந்தது. அதில் தள்ளித் தள்ளிப் போக நேரமாகிவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை திக்கியது. விழாமல் இருக்க நான் மறுபடியும் விரலை ஊன்றிவிட்டேன். வெளியே வந்தபோது இரண்டு பாதத்திலும் எறும்பு ஆரம்பித்துவிட்டது.

அக்கா வீட்டுத் தென்னைமரங்கள் தூரத்தில் தெரிந்தன.

"முட்டி போடும்மா" என்றாள் மகள்.

"நின்னுக்கிட்டு வாரேன்னு சொல்லியிருக்கறேன்."

"மரத்த பொறவு நிக்க முடியாது. மரக்கறதுக்கு முந்தி முட்டி போட்டா மறுக்கா நிக்கலாம். படிக்கிட்ட வாரப்ப நீ நிக்கறதத்தான் பெரியம்மா பாக்கும். அதுக்கு முன்னாடி உழுந்தீன்னா?"

பலகை தானாக மிதந்தது. நிற்கிறேன் என்று வீம்பு பிடித்தால் இருபது இழுப்புக்குள் விழுவேன் என்று தெரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருக்க, தொப்பென்று. மெதுவாக முட்டி போட்டேன். குதிகால்மேல் உட்காராமல் காலைப் பின்னால் நீட்டிவிட்டேன். காலுறையைக் கழற்றி விரல்களைப் பிசைந்தேன். சூடாக ரத்தம் இறங்கியது. அந்தச் சுகத்துக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் முட்டியிலேயே துடுப்புப் போட்டேன். பிறகு ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை ஊன்றி, எழுந்தேன். பாதம் முழுவதும் பலகையைத் தொட்டது. எனக்கே தெரிந்தது.

வளைவு திரும்பினோம். படித்துறையின் மேல்படியில் பச்சைச் சேலை. அக்காதான். தனியாக இல்லை. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அவர் மொபெட்டைப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

கால் நின்றது. இரண்டும் நின்றது. பத்து விரலும் இருந்தன. படியின் நிழல் பலகையில் விழுகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான்தான் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"நடுவால சித்த நேரம் முட்டி போட்டேன்க்கா."

"ஏன்டி, நான் அதக் கேட்டனா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. உடனே சரிசெய்துகொண்டு பக்கத்தில் இருந்த பெண்களைக் காட்டினாள். "இவளுக ஒருத்தியும் நம்பல. என்ற தங்கச்சி நின்னுக்கிட்டு வருவான்னு காலையிலிருந்து தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டிருக்கறேன். எறங்காத. அந்தப் பாறை வரைக்கும் போயிட்டு வா. கடைசி ஊட்டுக்காரி இப்பத்தான் வாரா, அவளும் பாக்கட்டும்."

"இத்தன பேருக்கு முன்னாலயாக்கா?"

"பொறவு யாருக்கு முன்னால? போ புள்ள, வெசையாப் போ!"

நான் துடுப்பை ஊன்றிப் பலகையைத் திருப்பினேன்.